இ-1 லைன் பழுதை அலாரமும் கவுண்ட்டரும் வைத்துப் பிடிப்பது: குமுளி, கம்பம், போடி பக்கத்து ஆட்களுக்கான கேள்வி பதில்கள்

இடுக்கி மலையிலும் கீழே கம்பம் பள்ளத்தாக்கிலும் லைன் பார்க்கிற தம்பிகள் போனில் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். போடிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையே ஏலக்காய் கம்பெனிகள் வைத்திருக்கிற லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு), எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பிஆர்ஐ (ஒரே லைனில் பல கால் போகும் டெலிபோன் இணைப்பு), தங்கும் விடுதியின் இபிஏபிஎக்ஸ் (உள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) என எதுவானாலும் நொடிக்கு 2048 கிலோபிட் (கேபிபிஎஸ்) கடத்தும் டிஜிட்டல் இணைப்பான இ-1 லைனாக இருந்தால் இது பொருந்தும்.

எல்லை ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு. டெலிபோன் நிர்வாகத்தில் கீழே தமிழ்நாடு சர்க்கிள், மேலே கேரளா சர்க்கிள். லைன் விழுந்தால் "எங்க பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள், இரண்டு பேரும் மனசறிந்து பொய் சொல்வதில்லை. எந்தப் பக்கம், எந்தத் திசை, எந்தத் துண்டு என்று எண்ணோடு சொன்னால்தான் ஆள் கிளம்பி வருவார்.

லைன் போச்சு என்று கூப்பிடுகிறார்கள். முதல் வேலை என்ன?

எதையும் தொடாமல், கருவி பிழைகளை எண்ணி வைத்திருக்கும் கவுண்ட்டரைப் படித்து எழுதிக்கொள்வது. ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லாதீர்கள். பெரும்பாலான கருவிகள் பிழைக் கணக்கை 15 நிமிட அறைகளாகப் பிரித்து, 96 அறைகளை, அதாவது ஒரு முழு நாளின் கணக்கை, நினைவில் வைத்திருக்கும். ரீபூட் ஆனதும் அது அத்தனையும் போய்விடும். நேற்று இரவு எத்தனை மணிக்குப் பிழை தொடங்கியது என்பதுதான் பழுதைக் காட்டிக்கொடுக்கும் தடயம். அதை நாமே அழித்துவிட்டு அப்புறம் வயரை நோண்டுவதில் பயனில்லை.

திரையைப் போட்டோ எடுங்கள். எதிர்ப்பக்கத்து ஆளையும் அதே நேரத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருப்பது பத்து நிமிஷம் பின்தங்கியிருந்தால் மேலே 9.15-இல் நடந்தது கீழே 9.05-இல் நடந்ததாகத் தெரியும், ஒரே சம்பவத்தை இரண்டு பழுதாக எண்ணிக் குழம்புவீர்கள். இதெல்லாம் முடிந்த பிறகு கவுண்ட்டரைக் கிளியர் செய்துவிட்டு, எத்தனை மணிக்குக் கிளியர் செய்தீர்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

அலாரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்கிறார்களே, எது எதைக் குறிக்கிறது?

சிவப்பு என்றால் நமக்கு வரவேண்டிய சிக்னல் சரியாக வரவில்லை. அதில் இரண்டு வகை. மின்துடிப்பே இல்லாவிட்டால் எல்ஓஎஸ் (சிக்னல் இழப்பு). சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.775 பரிந்துரைப்படி 10 முதல் 255 துடிப்புக்கான நேரம் வரை ஒரு அசைவும் இல்லாவிட்டால் கருவி இதை அறிவிக்கலாம். துடிப்பு வருகிறது, ஆனால் ஃபிரேம் (டைம்ஸ்லாட் எனப்படும் 32 எட்டு-பிட் பெட்டிகள் சேர்ந்த தொகுப்பு) எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை என்றால் எல்ஓஎஃப் (ஃபிரேம் இழப்பு). இ-1 இல் ஒன்று விட்டு ஒரு ஃபிரேமில், பூஜ்யமாவது டைம்ஸ்லாட்டில் 0011011 என்று ஏழு பிட் அடையாளம் வரும். தொடர்ந்து மூன்று முறை அது தப்பாக வந்தால் ஃபிரேம் தொலைந்தது என்று கருவி முடிவுகட்டும். எல்ஓஎஸ் வந்தால் அறுந்த வயர் ஜோடி, கழன்ற பிஎன்சி (கோஆக்ஸ் கேபிள் முனைக் கனெக்டர்), கரண்ட் போன மோடம் என்று தேடலாம். எல்ஓஎஃப் மட்டும் இருந்தால் வயர் இருக்கிறது, வருகிற சிக்னல்தான் சிதைந்திருக்கிறது.

மஞ்சள் என்பது எதிர்ப்பக்கத்தின் புகார். "நீ அனுப்புவது எனக்குச் சரியாக வரவில்லை" என்று ஃபிரேமில் இதற்கென உள்ள ஏ-பிட்டை 1 ஆக்கி அனுப்புகிறார்கள். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்தப் புகார் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் அங்கிருந்து இங்கே வரும் திசை நன்றாக இருக்கிறது. தேடவேண்டியது நம் டிஎக்ஸ் (அனுப்பும்) ஜோடியில், நம் கார்டில், நம்மிலிருந்து அவர்களுக்குப் போகும் வழியில்.

நீலம் என்றால் ஏஐஎஸ். நடுவில் இருக்கிற மக்ஸ் (பல லைன்களைச் சேர்த்து அனுப்பும் கருவி), தனக்கு மேலே சிக்னல் தொலைந்ததும் வெறும் 1 மட்டும் அனுப்பத் தொடங்கும். 512 பிட்டில் இரண்டு பூஜ்யத்துக்கு மேல் இல்லை என்பதை வைத்து நம் கருவி அதைக் கண்டுகொள்ளும். ஆக, நீலம் தெரிகிறது என்றால் நம்மிடமிருந்து அந்த மக்ஸ் வரைக்கும் உள்ள வரவு ஜோடி நன்றாக இருக்கிறது, பழுது அதற்கு அப்பால். நீலத்தைப் பார்த்துவிட்டு எம்டிஎஃப்பில் (வெளி ஜோடிகள் வந்து சேரும் சட்டத்தில்) ஜம்பர் வயரைப் பிடுங்கி மாற்றுகிறவர்கள் உண்டு. நன்றாக இருந்த ஜோடியைக் கலைத்ததுதான் மிச்சம். எதிர்முனையில் யாராவது போர்ட்டை மூடி வைத்திருந்தாலும் சில கருவிகள் ஏஐஎஸ் அனுப்பும். அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டு பக்கத்து நிறத்தையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும். குமுளியில் சிவப்பு, கம்பத்தில் மஞ்சள் என்றால் கம்பத்திலிருந்து மேலே ஏறும் திசை மட்டும் கெட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சிவப்பு என்றால் கேபிளே வெட்டுப்பட்டிருக்கலாம், அல்லது நடுவில் ஏதோ ஒன்றுக்குக் கரண்ட் இல்லை. "சேட்டா, அவிடே மஞ்சளா சுவப்பா?" என்று முதல் போனிலேயே கேட்டுவிடுவது பாதி வேலை முடிந்த மாதிரி.

நம் பக்கம் அலாரமே இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் அடிக்கடி பிழை என்கிறார்கள். ராத்திரியில் எஸ்டேட் ஆபீஸ் பூட்டியிருக்கும். அங்கே போகாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

சிஆர்சி-4 என்ற பிழைச் சரிபார்ப்பு போட்ட லைனாக இருந்தால் இங்கிருந்தே தெரிந்துகொள்ளலாம். 16 ஃபிரேம் சேர்ந்தது ஒரு மல்டிஃபிரேம். அதை எட்டு எட்டாக இரண்டு பாதியாக்கி, ஒவ்வொரு பாதிக்கும் நான்கு பிட் சரிபார்ப்புக் கணக்கு ஒன்று கூடவே போகும். எதிர்ப்பக்கம் கணக்கு பொருந்தாத ஒரு பாதியைக் கண்டால், நமக்குத் திரும்பி வரும் ஃபிரேமில் இ-பிட்டை 0 ஆக்கிச் சொல்லிவிடும். நம் கருவியில் "ஃபார் எண்ட்" என்று தொடங்கும் கவுண்ட்டர் இதைத்தான் எண்ணுகிறது.

நம் சொந்த சிஆர்சி பூஜ்யம், ஃபார் எண்ட் எண் மட்டும் ஏறுகிறது என்றால் நாம் அனுப்பும் திசையில் பழுது. மஞ்சள் அலாரம் வரும் அளவுக்கு லைன் கெடுவதற்கு முன்பே இது காட்டிவிடும். பல பேர் இந்த வரியைப் படிப்பதே இல்லை. மலைக்கு ஜீப் ஏறுவதற்கு முன் படிக்கவேண்டிய வரி இதுதான்.

எல்சிவி, பிசிவி என்று இரண்டு பிழைக் கணக்கு இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் எந்தத் துண்டில் பழுது என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரியும்.

இ-1 வயரில் 1 என்பது ஒருமுறை பிளஸ் துடிப்பு, அடுத்த முறை மைனஸ் துடிப்பு என்று மாறி மாறிப் போகவேண்டும். தொடர்ந்து நான்கு பூஜ்யம் வந்தால் எச்டிபி-3 என்ற துடிப்பு முறை அந்த இடத்தில் வேண்டுமென்றே ஒழுங்கை மீறி ஒரு துடிப்பைச் செருகும். அது தெரிந்த மீறல், பிழை ஆகாது. அந்தக் கணக்குக்குள் அடங்காத மீறல் வந்தால்தான் எல்சிவி. இது வயரின் மின்துடிப்பைப் பற்றிய கணக்கு. அடுத்த மக்ஸ் அல்லது மோடம் சிக்னலை வாங்கிப் புதிதாகத் துடிப்பு உண்டாக்கி அனுப்பும்போது பழைய மீறல்கள் காணாமல் போய்விடும். ஆகவே எல்சிவி பேசுவது நம் கருவிக்கும் அதற்கு முந்தைய கருவிக்கும் இடையிலுள்ள கடைசித் துண்டைப் பற்றி மட்டும்.

பிசிவி அப்படியில்லை. அது சிஆர்சி கணக்கு. எதிர்முனைக் கருவி கணக்குப் போட்டு அனுப்பியது. இ-1 ஐ அப்படியே கடத்தும் மக்ஸ் நடுவில் எத்தனை இருந்தாலும் யாரும் அதைத் திருத்துவதில்லை. வழியில் எங்கே ஒரு பிட் கெட்டாலும் நம்மிடம் வந்து பொருந்தாமல் நிற்கும்.

15 நிமிட அறை ஒன்றில் எல்சிவி 0, பிசிவி 43, ஸ்லிப் (க்ளாக் வேறுபாட்டால் ஃபிரேம் நழுவுவது) 0, பிழை நொடி (பிழை வந்த நொடிகளின் எண்ணிக்கை) 29 என்று வந்தால் நம் கட்டிடத்து வயரை விட்டுவிடுங்கள். பிட் கெடுவது மக்ஸுக்கு அப்பால். எல்சிவியும் பிசிவியும் சேர்ந்து ஏறினால் நம் கடைசித் துண்டுதான்: டிடிஎஃப்பில் (டிஜிட்டல் லைன்களை இணைக்கும் சட்டத்தில்) லூசான பிஎன்சி, எர்த் ஆகாத கோஆக்ஸ் உறை, ஏசி வயரோடு சேர்த்துக் கட்டிய கேபிள். இரண்டும் பூஜ்யமாக இருந்து ஸ்லிப் மட்டும் ஏறினால் க்ளாக் விவகாரம், வயரில் ஒன்றுமில்லை.

எஸ்எச்டிஎஸ்எல் மோடம் (செம்பு ஜோடியில் இ-1 ஐக் கடத்தும் கருவி) வழியாக வரும் லைனில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே ரவுட்டரின் எல்சிவி மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள அரை மீட்டர் இணைப்பு வயரைப் பற்றித்தான் சொல்லும். ரோட்டோரம் போகும் செம்பு ஜோடியின் நிலைமை தெரிய வேண்டுமானால் மோடத்தின் சொந்த மெனுவில் நுழைந்து இரைச்சல் மார்ஜினையும் (இரைச்சலைத் தாங்க மிச்சமிருக்கும் இடைவெளி) அட்டென்யுவேஷனையும் (வழியில் சிக்னல் குறையும் அளவு) படிக்கவேண்டும். லைன் போட்ட அன்றைக்கே அந்த இரண்டு எண்ணையும் மோடத்தின் மேல் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை.

சிஆர்சி எண் 40 என்றால் மோசமா? 900 என்றால்?

ஒரு நொடிக்கு 1000 மல்டிஃபிரேம் பாதிகள் சரிபார்க்கப்படுகின்றன. எண் சிறியதாக இருக்கும்வரை ஒரு சிஆர்சி பிழையை ஒரு பிட் பிழையாகக் கொள்ளலாம். 15 நிமிஷத்தில் போகும் பிட்டுகள் சுமார் 184 கோடி. அதில் 43 கெட்டால் பிழை விகிதம் ஏறத்தாழ 2.3 × 10⁻⁸. பேசுகிறவர் காதுக்குத் தெரியாது, ஆனால் நல்ல லைனில் இது பூஜ்யமாக இருக்கவேண்டும். காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

ஒரே நொடியில் 900-ஐ ஒட்டி எண் வந்தால் அதை வேறு மாதிரி படிக்கவேண்டும். நான்கு பிட் கணக்கு என்பதால், முழுக்கக் குப்பையான டேட்டா வந்தால்கூட 16-இல் ஒரு முறை தற்செயலாகப் பொருந்திவிடும். அதனால் எண் 940-ஐ ஒட்டி நின்றுவிடும். லைன் அதற்கு மேல் எவ்வளவு கெட்டாலும் ஏறாது. ஜி.706 பரிந்துரை 1000-க்கு 915 என்ற எல்லையை வைத்திருப்பது இதனால்தான். அதைத் தொட்டால், பிடித்திருக்கும் ஃபிரேமே பொய்யானது என்று எடுத்துக்கொண்டு கருவி மறுபடி தேடத் தொடங்கும்.

இஎஸ், எஸ்இஎஸ், யூஏஎஸ் மூன்றும் இரண்டு பக்கத்திலும் வேறு வேறாக இருக்கின்றன. எதை நம்புவது?

முதலில் அர்த்தம். ஒரு நொடியில் ஒரு பிழையாவது இருந்தால் அது பிழை நொடி, இஎஸ். பிழை மிக அதிகமாக இருந்தால் எஸ்இஎஸ். தொடர்ந்து 10 எஸ்இஎஸ் வந்தால் அந்தப் பத்தையும் சேர்த்து லைன் கிடைக்காத நேரமாக, யூஏஎஸ் ஆக, எழுதத் தொடங்கும். எஸ்இஎஸ் இல்லாத 10 நொடி தொடர்ந்து வந்தால்தான் அது முடியும்.

"மிக அதிகம்" என்பதில்தான் கருவிக்குக் கருவி வேறுபாடு. ஜி.826 கணக்குப்படி 30 சதவீதப் பாதிகள் கெட்டால் போதும், அதாவது நொடிக்கு 300. ரவுட்டர்கள் பின்பற்றும் இணையத் தர ஆவணங்களில் சிஆர்சி-4 இ-1 லைனுக்கு 832. ஆகவே நொடிக்கு 500 பிழை வரும் ஒரே லைனை மக்ஸ் எஸ்இஎஸ் என்று எழுதும், ரவுட்டர் வெறும் இஎஸ் என்று எழுதும். யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு சர்க்கிளுக்கும் நடுவே இந்த எண்களை வைத்துத் தகராறு வந்தால், எந்தக் கருவி, எந்த அளவுகோல் என்று முதலில் கேளுங்கள். திசையை ஒப்பிட இஎஸ்ஸே போதும்.

அலாரம் இல்லை, சிஆர்சி இல்லை. ஆனால் பேசும்போது "டிக் டிக்" என்கிறது, ஃபேக்ஸ் பாதியில் நின்றுபோகிறது.

ஸ்லிப் கவுண்ட்டரைப் பாருங்கள். இரண்டு முனையின் க்ளாக்கும் கொஞ்சம் வேறுபட்டால், வேகமாக வரும் பிட்டுகள் பஃபரில் நிரம்பி, ஒரு கட்டத்தில் ஒரு முழு ஃபிரேமைக் கருவி தள்ளிவிடும். மெதுவாக வந்தால் ஒரு ஃபிரேமைத் திரும்பப் படிக்கும். ஒரு ஃபிரேம் என்பது 125 மைக்ரோ செகண்ட். பேச்சில் அது ஒரு சொடுக்கு. ஃபேக்ஸுக்கும் டேட்டாவுக்கும் அது ஒரு வெட்டு.

ஸ்லிப் வரும் இடைவெளியே எவ்வளவு வேறுபாடு என்பதைச் சொல்லிவிடும். இரண்டு க்ளாக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபட்டால் 125 நொடிக்கு ஒரு ஸ்லிப், 15 நிமிட அறையில் ஏழு. இ-1 இல் அனுமதிக்கப்பட்ட உச்ச வேறுபாடு பத்து லட்சத்தில் 50; ஒரு க்ளாக் அந்த அளவு விலகினால் இரண்டரை நொடிக்கு ஒன்று. இதற்கு நேர்மாறாக, இரண்டு முனையும் தனித்தனி முதல்தர மூல க்ளாக்கில் ஓடினால் 70 நாளுக்கு ஒரு ஸ்லிப்தான் வரும். ஜி.822 பரிந்துரை ஒரு நாளுக்கு 5 வரை பொறுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு அறையிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்துகொண்டே இருந்தால் இரண்டு க்ளாக் தனித்தனியாக ஓடுகின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சரிசெய்வது எளிது, யார் எஜமான் என்று தெரிந்தால். பிஆர்ஐ என்றால் க்ளாக் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும். இபிஏபிஎக்ஸ் லைனில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். போடி–வண்டன்மேடு மாதிரி இரண்டு ஆபீஸுக்கு நடுவே எஸ்டிஎச் (அதிவேகக் கடத்தல் நெட்வொர்க்) வழியாக இ-1 அப்படியே போகிறது என்றால் ஒரு பக்கம் இன்டர்னல் (தன் சொந்த க்ளாக்), மறுபக்கம் லைன் (வரும் சிக்னலிலிருந்து எடுக்கும் க்ளாக்). நடுவில் 64 கேபிபிஎஸ் அளவில் டைம்ஸ்லாட்டைப் பிரித்துச் சேர்க்கும் நெட்வொர்க் இருந்தால் அந்த நெட்வொர்க்தான் எஜமான். இரண்டு பக்கமும் லைன். இரண்டு பக்கமும் லைன் என்று வைத்துவிட்டு நடுவில் எஜமானே இல்லாமல் போனால், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு க்ளாக் மெல்ல எங்கோ நகர்ந்துவிடும். காலையில் நன்றாக இருந்து மத்தியானம் ஃபிரேம் தொலைகிற லைன்களில் இதையும் சந்தேகப்படுங்கள்.

மழை வந்தால் லைன் கெடுகிறது. எல்லோரும் மழை மேல் பழி போடுகிறார்கள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

96 அறைகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, பக்கத்தில் மழை பெய்த நேரத்தைக் குறியுங்கள். மழையோடு தொடங்கி மழையோடு நிற்கிறதா, மழை நின்ற பிறகும் தொடர்கிறதா என்பதில்தான் விடை இருக்கிறது.

மழை விட்டபின் தொடங்கி, விடியவிடிய ஏறி, வெயில் வந்ததும் இறங்கினால் அது கேபிள் ஜாயின்ட்டில் தேங்கிய தண்ணீர். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்க் கடையின் லைனை இப்படித்தான் பிடித்தோம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெய்த மழைக்கு இரவு ஒன்பதுக்கு மேல்தான் முதல் பிழை. அதிகாலையில் உச்சம். பதினொரு மணி வெயிலில் ஒன்றுமில்லை, ஆள் வந்து பார்க்கும் நேரத்தில் லைன் சுத்தமாக இருக்கும். மோடத்தின் மார்ஜினும் அதே நேரங்களில் விழுந்து எழுந்தது. ஏலத்தோட்டத்து வேலி ஓரம் இருந்த ஜாயின்ட்டைத் திறந்தபோது உறையின் அடிமூலையில் தண்ணீர் நின்றிருந்தது. செம்பு முறுக்கில் பச்சைப் பொடி பூத்திருந்தது, தண்ணீர் புகாமல் காக்கவேண்டிய ஜெல்லி கனெக்டரில் இல்லவே இல்லை. அந்த முறுக்கை வெட்டிப் புதிதாகப் போட்ட பிறகு அடுத்த மழையில் அறைகள் எல்லாம் பூஜ்யம்.

மழை கொட்டும்போது மட்டும் திடீரென யூஏஎஸ் ஏறி, மழை குறைந்ததும் சட்டென்று நின்றால் மைக்ரோவேவ் இணைப்பைப் பாருங்கள். 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசையில் பலத்த மழை சிக்னலைத் தின்றுவிடும். அப்போது அந்த டவர் வழியாகப் போகும் இ-1 எல்லாமே ஒரே நொடியில் கெடும். பக்கத்துக் கடைக்காரரின் லைனும் அதே நேரத்தில் போனதா என்று கேட்டாலே பாதி உறுதியாகிவிடும்.

போடிமெட்டில் மூடுபனி இறங்கினால் லைன் போகும் என்று ஒரு நம்பிக்கை நம் பக்கம் உண்டு. 7 கிகாஹெர்ட்ஸ் மாதிரி அலைவரிசையில் மூடுபனி உறிஞ்சுவது மிகமிகக் குறைவு. பனி இறங்கும் அந்தக் காற்றசையாத பின்னிரவில் காற்று அடுக்குகள் சிக்னலை வளைத்து இரண்டு வழியாக அனுப்பி ஒன்றை ஒன்று அழிப்பதுண்டு. குற்றவாளி அதுதான், பனி சாட்சி மட்டும்.

காற்றடிக்கும்போது மட்டும் ஒன்றிரண்டு நொடிப் பிழை வந்து போனால் டெலிபோன் கம்பத்தில் தொங்கும் கேபிள் அல்லது லூசான முனை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, ஏணி எடுங்கள்.

சித்திரை, ஐப்பசி இடிக்குப் பிறகு லைன் வந்துவிடுகிறது, ஆனால் பழைய மாதிரி இல்லை. ஏன்?

கேரள மலைப்பக்கம் ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி கடுமையாக இருக்கும். இடி நேராக விழவேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே ஜோடியில் வோல்டேஜ் ஏறும். எம்டிஎஃப்பில் உள்ள ஜிடிடி (வாயுக் குழல் இடிதாங்கி) அதை எர்த்துக்குத் தள்ளிவிட்டுக் கருவியைக் காப்பாற்றும். பல அடி வாங்கிய ஜிடிடி முழுக்கச் சாகாமல் அரைகுறையாகக் கசியத் தொடங்கும். லைன் மேலே இருக்கும், மார்ஜின் குறைந்திருக்கும், அங்கங்கே இஎஸ் விழும். நான் முன்னால் சொன்ன ஸ்டிக்கர் எண் இங்கேதான் கைகொடுக்கும்.

மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைக்குமுன் மோடத்தையும் ஜிடிடி மாட்யூலையும் கழற்றிவிடுங்கள். 230 வோல்ட்டில் கடத்தும் ஜிடிடி, 500 வோல்ட் மெக்கரில் தன் வேலையைச் செய்யும். நல்ல ஜோடியும் பழுது என்று காட்டும். எர்த் வயர் எம்டிஎஃப்புக்கும் ரேக்குக்கும் ஒரே எர்த்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இடி கேட்கும் நேரத்தில் எம்டிஎஃப்பில், டவரில், டெலிபோன் கம்பத்தில் கை வைக்காதீர்கள். வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், மேலதிகாரி எவ்வளவு சத்தம் போட்டாலும் சரி. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

லூப் போட்டுப் பார்ப்பதில் எது சரியான முறை?

பக்கத்திலிருந்து தூரத்துக்குப் போங்கள். முதலில் நம் கருவியின் போர்ட்டிலேயே டிஎக்ஸை ஆர்எக்ஸோடு (வாங்கும் ஜோடியோடு) வயரால் சேர்த்து, அனுப்பியதே திரும்பி வரும்படி ஹார்டு லூப். அலாரம் போய்விட்டால் கார்டு நன்றாக இருக்கிறது. அடுத்து டிடிஎஃப்பில் லூப். இப்போது நடுவிலுள்ள கேபிளும் சோதனைக்குள் வந்துவிட்டது. அப்புறம் மோடம், அப்புறம் எதிர்முனை. எந்தப் படியில் பிழை நுழைகிறதோ அந்தப் படிக்கும் முந்தைய படிக்கும் இடையே பழுது.

லூப் போட்டதும் க்ளாக்கை இன்டர்னலுக்கு மாற்ற மறக்காதீர்கள். லைன் என்று விட்டால் கருவி தன் நிழலையே பின்தொடரும். லூப்பில் பிஆர்ஐ டி-சேனல் (கால்களைக் கட்டுப்படுத்தும் சேனல்) மேலே வராது, அது இயல்பு. எக்ஸ்சேஞ்ச் பக்கம் பார்த்து லூப் போடுவதற்கு முன் அங்கே சொல்லிவிடுங்கள்; சோதனை முடிந்து லூப்பை எடுத்ததையும் சொல்லுங்கள். மறந்து விட்டுப்போன லூப் ஒரு தனிப் பழுது.

கேபிள் தப்பாகப் போட்டதால் வரும் பழுதுகள்?

ஈதர்நெட் க்ராஸ் கேபிளை இ-1 க்கு மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. ஈதர்நெட் க்ராஸ் 1, 2 ஐ 3, 6 க்கு மாற்றும். இ-1 க்கு வேண்டியது 1, 2 ஐ 4, 5 க்கு மாற்றும் க்ராஸ். தப்பானதை மாட்டினால் இரண்டு பக்கமும் எல்ஓஎஸ்.

அடுத்தது 75 ஓம், 120 ஓம் குழப்பம். கோஆக்ஸ் 75, முறுக்கு ஜோடி 120. நடுவில் பாலன் (இரண்டையும் பொருத்தும் மாற்றி) இல்லாமல் நேராக இணைத்தால் சிறிய கேபிளில் ஓடிவிடும், அதுதான் ஆபத்து. நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான துடிப்பு எதிரொலியாகத் திரும்பும்; வெப்பம் கூடினாலோ கேபிள் நீண்டாலோ எல்சிவி கொட்டும். ஜி.703 பரிந்துரைப்படியான இ-1 போர்ட் 1024 கிலோஹெர்ட்ஸில் 6 டெசிபெல் இழப்பு வரைக்கும்தான் தாங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு பக்கம் சிஆர்சி-4 இருக்கிறது, மறுபக்கம் இல்லை. என்ன ஆகும்?

கருவியைப் பொறுத்தது. சிலது தானே கண்டுபிடித்துச் சிஆர்சி இல்லாமல் ஓடும், சிலது மல்டிஃபிரேம் கிடைக்கவில்லை என்று மேலே வரவே வராது. புது லைனில் எல்சிவி பூஜ்யமாக இருந்து ஃபிரேம் மட்டும் நிற்கவில்லை என்றால் இதை முதலில் கேளுங்கள். முடிந்தவரை இரண்டு பக்கமும் சிஆர்சி-4 போடுங்கள். அது இல்லாத லைனில் பிசிவியும் இ-பிட்டும் கிடைக்காது, பாதிக் கண் போய்விடும்.

எல்லாம் பச்சை, எல்லாம் பூஜ்யம். ஆனால் கால் போகவில்லை.

லைன் நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் உள்ள அடுக்கில் பாருங்கள். பிஆர்ஐயில் 16-ஆவது டைம்ஸ்லாட்தான் டி-சேனல். அதன் இரண்டாம் அடுக்கு நிலைத்திருக்கிறதா, இரண்டு முனையில் ஒன்று யூசர் மற்றது நெட்வொர்க் என்று அமைந்திருக்கிறதா, குறிப்பிட்ட சில சேனல் மட்டும் பிளாக் ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். லைன்மேனை அனுப்பாதீர்கள், பாவம்.

இரண்டு சர்க்கிளுக்கும் டாக்கெட் (பழுதுப் புகார்) போடும்போது என்ன எழுதவேண்டும்?

"லைன் சரியில்லை" என்று எழுதினால் இரண்டு பக்கமும் சோதித்து, ஒன்றுமில்லை என்று மூடிவிடுவார்கள். நான் எழுதச் சொல்வது இப்படி: "குமுளி முனையில் பிசிவி ஏறுகிறது, எல்சிவி 0, ஸ்லிப் 0. கம்பம் முனையின் சொந்த பிசிவி 0, அங்கே ஃபார் எண்ட் மட்டும் ஏறுகிறது. இரவு 9.15 முதல் காலை 10.45 வரை. ஆகவே கம்பத்திலிருந்து குமுளிக்கு வரும் திசையில், குமுளி மக்ஸுக்கு முந்தைய துண்டில் பழுது. 96 அறைகளின் போட்டோ இணைப்பு." இதைப் படிக்கிறவருக்கு எந்தக் கருவியைத் திறக்கவேண்டும் என்று தெரிந்துவிடும். மலையாளத்தில் எழுதத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் மேலே அனுப்புவதை மலையாளத்தில் எழுதுங்கள். எண்ணும் திசையும் மாறாமல் இருந்தால் போதும்.

சரிசெய்த பிறகு எவ்வளவு நேரம் சோதித்தால் போதும்?

பிழைமானியில் (பிட் பிழை எண்ணும் சோதனைக் கருவியில்) 2¹⁵−1 என்ற சோதனை பிட் வரிசையை ஓட்டி 15 நிமிஷம் பார்ப்பது வழக்கம். பிழை விகிதம் 10⁻⁸ ஆக இருந்தால் அந்த நேரத்தில் சராசரியாக 18 பிழை வரும், பிடிபடும். 10⁻⁹ என்றால் ஒன்றோ இரண்டோ. ஒன்றும் வராமலும் போகலாம். 24 மணி நேரம் ஓட்டினால் சுமார் 17,700 கோடி பிட் போகும், அப்போது ஒளிய இடமிருக்காது. இரவுப் பனி, காலை ஈரம், மத்தியான வெயில் மூன்றும் அதற்குள் வந்துவிடும். மழைப் பழுதாக இருந்தால் அதுவும் போதாது. ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகான 24 மணி நேரக் கணக்கு, இரண்டு முனையிலிருந்தும் பூஜ்யமாகக் கைக்கு வரும்வரை டாக்கெட்டை மூட நான் கையெழுத்துப் போடுவதில்லை.